கொட்டகையிற் கிடந்த கார்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குச் செல்லும் சாலையில் திருப்பாலைவனம் என்னும் சிற்றூர் உள்ளது. பெயரைக் கேட்டவுடன் நீரற்ற மணல்வெளி ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்வோர் பலர். அவ்வாறு எண்ணி அங்குச் செல்பவர் ஏமாந்து போவர். பாலை மரங்கள் அடர்ந்த வனமாக ஒரு காலத்தில் இருந்தமையால் இப்பெயர் அமைந்தது என்பர் ஊரார். பழமை வாய்ந்த சிவன் கோயிலும் நெல் வயல்களும் அவ்வூருக்கு அழகு செய்கின்றன. அதற்கு அப்பால் பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கின்றது. இந்தியாவிலுள்ள உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாக் கரையிலுள்ள சிலிக்காவுக்கு அடுத்தபடி பெரியது இதுவே. ஆற்று நீரும் கடல் நீரும் இதிற் கலக்கின்றன; இறாலும் நண்டும் மடவை மீனும் விளைகின்றன; கரையோரக் குப்பங்கள் பலவற்றுக்கு இதுவே சோறு போடுகின்றது.

ஆனால், மீனவர்க்குச் சோறு போடும் அந்த ஏரியின் காற்று இரும்புக்குப் பகை. சன்னற் கம்பி, சைக்கிள், தண்ணீர்ப் பம்பு ஆகிய எதையும் அது விட்டுவைப்பதில்லை. பூசிய வண்ணத்தில் ஊசி முனையளவு கீறல் இருந்தாலும் போதும். உப்பீரம் அதன் வழியே உள்ளே புகுந்துவிடும். சில திங்களில் வண்ணம் கொப்புளமாய் எழும். விரலால் அழுத்தினால் துருத் தூள் உதிரும். இத்தகைய காற்று வீசும் ஊரில், ஓலை வேய்ந்த ஒரு கொட்டகையில், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஒரு கார் கிடந்தது. அதுவும் சாதாரணக் கார் அன்று. பந்தயங்களில் ஓடிய இரண்டு இருக்கைக் கார்.

அக்கொட்டகைக்கு உரியவர் பம்பு மோட்டார்களைப் பழுது பார்த்துப் பிழைத்து வந்த பெரியவர். இளமையில் அவர் சென்னையில் ஒரு தொழிற்சாலையில் எடுபிடி ஆளாகச் சேர்ந்தார். கார்களைச் செப்பனிடும் இடம் அது. ஆண்டுதோறும் பந்தயக் காலம் வந்தால் அங்கிருந்து இரண்டொரு கார்கள் சோழவரத்துக்குப் புறப்படும். பெரியவரும் கருவிப் பெட்டியைத் தலையிற் சுமந்துகொண்டு உடன் செல்வார்.

சோழவரம் செங்குன்றத்துக்கு அருகில் உள்ளது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே விமானங்கள் இறங்குவதற்காகச் சிமெண்டுத் தளம் அமைத்தார்கள். போர் முடிந்தபின் அத்தளம் வேறொரு வகையிற் பயன்பட்டது. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார்ப் பந்தயங்களையும் மோட்டார் சைக்கிள் பந்தயங்களையும் நடத்தி வந்தது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஓட்டிகள் வந்தனர். வெயிலையும் புழுதியையும் பொருட்படுத்தாது மக்கள் திரண்டனர். 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு பாதை அமைந்தது. அதன்பின் சோழவரத்தின் ஆரவாரம் அடங்கிவிட்டது.

பெரியவர் வேலை செய்த தொழிற்சாலை அதற்கு முன்பே மூடப்பட்டது. அவருக்குச் சேரவேண்டிய சம்பளம் பல மாதங்களுக்கு நின்றிருந்தது. பணத்துக்குப் பதிலாக, மூலையிற் கிடந்த ஓடாத கார் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டு வண்டி ஒன்றின் பின்னே அதைக் கட்டி இழுத்துக்கொண்டு அவர் ஊர் வந்து சேர்ந்தபோது, “கூலி கேட்டவனுக்குக் குப்பை கிடைத்தது” என்று அயலார் நகைத்தனராம். குடும்பம் பெருகிற்று, பிழைப்பு நெருக்கிற்று. கார் கொட்டகையிலேயே கிடந்தது. கோழிகள் அதன் இருக்கையில் முட்டையிட்டன. பிள்ளைகள் தத்தம் வழியில் நிலைபெற்று, உடலுழைப்பும் சற்றுக் குறைந்த காலத்திலேதான் பெரியவர் அதன்மேற் கிடந்த சாக்கை நீக்கினார். எட்டாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்த பேரன் அவருக்குத் துணையானான்.

அக்கார் இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரிற் செய்யப்பட்டது. ஆக்ஸ்போர்டு நகரில் இருந்த மாரிஸ் கராஜஸ் என்னும் நிறுவனத்தின் முதலெழுத்துகளைக் கொண்டு எம்.ஜி. என்று பெயர் பெற்ற கார் வகையுள் ‘டி.சி.’ என்பது அது. 1945 முதல் 1949 வரை ஏறத்தாழப் பதினாயிரம் கார்கள் இவ்வகையில் வெளிவந்தன. போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்கள் இவற்றை விரும்பித் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். எஞ்சினின் கொள்ளளவு 1250 கன சென்டிமீட்டர், சிலிண்டர்கள் நான்கு, கார்புரேட்டர்கள் இரண்டு. சக்கரங்கள் சைக்கிளின் சக்கரம்போற் கம்பிகளால் ஆனவை. முன்கண்ணாடியை மடித்துப் படுக்க வைக்கலாம். கதவுகளின் கீல்கள் பின்புறம் இருப்பதால் கதவு முன்புறமிருந்து திறக்கும். இன்று தெருவில் ஓடும் சிறிய கார்களோடு ஒப்பிட்டால் இதன் வேகம் பெரிதன்று. ஆயினும் காற்றையும் சாலையையும் நேரே உணர்த்தும் கார் இது.

முதலில் எஞ்சினைப் பார்த்தனர். அது அசையவில்லை. பிஸ்டன்கள் சிலிண்டர்களோடு துருவால் ஒட்டியிருந்தன. நீண்ட கம்பியைக் கொடுத்துத் திருப்பிவிடலாம் என்று பேரன் முனைந்தான். பெரியவர் தடுத்தார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளின் வழியே டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி மூடினார். நாள்தோறும் காலையில் ஒருமுறை கையால் மெல்ல அசைத்துப் பார்ப்பதோடு சரி. பத்து நாள் ஒன்றும் நிகழவில்லை. பையனுக்குச் சலிப்புத் தட்டிற்று. மூன்றாம் வாரத்தில் ஒருநாள், கதவுத் தாழ் நெகிழ்வதுபோல் ஒரு சிறு ஒலி கேட்டது. நெல்மணியளவு எஞ்சின் திரும்பிற்று. அன்று மாலைக்குள் ஒரு முழுச் சுற்றும் சுற்றிவிட்டது. முரட்டுத்தனமாகத் திருப்பியிருந்தால் பிஸ்டன் வளையங்கள் ஒடிந்திருக்கும்.

அடுத்து ஒரு விந்தையை எதிர்ப்பட்டனர். எஞ்சினின் போல்ட்டுகள் சில துருவால் தேய்ந்துபோயிருந்தன. போல்ட்டுகளின் தலைக்கு ஆங்கில அளவு ஸ்பானர் பொருந்திற்று; ஆனால் ஆங்கிலப் புரியுள்ள புதிய போல்ட்டு எதுவும் துளையில் ஏறவில்லை. மில்லிமீட்டர்ப் போல்ட்டும் இரண்டு சுற்றுக்குமேற் செல்லவில்லை. இதற்குக் காரணம் இங்கிலாந்தின் வரலாற்றில் இருந்தது. முதல் உலகப் போரின்போது ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு ஆயுத நிறுவனம் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஓர் ஆலையை நிறுவிற்று. அங்கிருந்த எந்திரங்கள் மில்லிமீட்டர்ப் புரி வெட்டுபவை. போருக்குப்பின் அந்த ஆலை மாரிஸ் கார்களுக்கு எஞ்சின் செய்து கொடுத்தது. 1923இல் மாரிஸ் நிறுவனமே அதை வாங்கிக்கொண்டது. எந்திரங்களை மாற்றச் செலவு மிகுதியாகும். ஆங்கிலேயர் கைகளிலோ ஆங்கில அளவு ஸ்பானர்களே இருந்தன. ஆகவே, புரி பிரெஞ்சு முறையிலும் தலை ஆங்கில அளவிலும் அமைந்தன. அம்மரபு டி.சி. எஞ்சின் வரையிலும் நீண்டது. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இந்நாளிற் கடைகளிற் கிடைக்கும் புரி ஒன்றேகால் மில்லிமீட்டர் இடைவெளி உடையது. இந்த எஞ்சினுக்கு வேண்டியதோ ஒரு மில்லிமீட்டர். யாரோ சிக்கனம் கருதிச் செய்த ஏற்பாடு ஒரு நூற்றாண்டு கடந்து திருப்பாலைவனத்தில் ஒரு பையனின் விரலைச் சிராய்த்தது.

பெரியவர் பொன்னேரியில் மின்சார ரயிலேறிச் சென்னைக்குச் சென்று, பழைய மோட்டார் உறுப்புகள் மலைபோற் குவிந்து கிடக்கும் புதுப்பேட்டைக் கடைகளில் அலைந்தார். கிடைத்தவை சில; கடைசல் பட்டறையிற் செய்துகொண்டவை சில. எஞ்சினுக்கு வேண்டிய அடைப்புத் தகடுகளை இங்கிலாந்திலிருந்து தருவிக்க வேண்டியதாயிற்று. இவ்வகைக் கார்களுக்குரிய உறுப்புகளை இன்றும் அங்கே செய்து விற்கிறார்கள்.

எஞ்சின் இரும்பு, ஆகவே அதன் நோயைப் பெரியவர் அறிவார். உடலின் நோயோ வேறு. எம்.ஜி. டி.சி.யின் மேலே தெரிவது தகடு. உள்ளே அதைத் தாங்குவது மரச்சட்டம். ஆஷ் என்னும் ஐரோப்பிய மரத்தாற் செய்தது அது. கனம் குறைந்தது, அதிர்ச்சியைத் தாங்குவது, வளைந்து கொடுப்பது. அக்காலத்தில் உடல் செய்வோர் மரச்சட்டத்தைக் கூட்டி, அதன்மேல் தகட்டைப் போர்த்தி, விளிம்புகளை மடித்து ஆணி அடித்தனர். நாற்பது ஆண்டுகளில் உப்பீரம் தகட்டை அரித்ததுபோலக் கறையான் மரத்தை அரித்துவிட்டது. தட்டினால் மண் கொட்டிற்று.

பெரியவர் பழவேற்காட்டிலிருந்து ஓர் ஓடாவியை அழைத்து வந்தார். தோணி கட்டும் தச்சரை ஓடாவி என்பது கடற்கரை வழக்கு. அவர் காரைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, “அண்ணே, இது கவிழ்த்து வைத்த தோணிதானே!” என்றார். வியப்பதற்கில்லை, விலா எலும்புபோல் மரம், மேலே போர்வை. இரண்டுக்கும் இலக்கணம் ஒன்றே. நேரான சட்டங்களுக்குப் பழைய தேக்கு. பின்சக்கரத்தின் மேல் வளையும் துண்டுகளுக்குக் கருவேலம் என்று அவர் முடிவு செய்தார். மரத்தை நீராவியில் வேகவைத்து வளைக்கலாம் என்று பெரியவர் கேள்விப்பட்டிருந்தார். ஓடாவி தலையசைத்தார். “வளைத்த மரம் என்றைக்காவது நிமிரப் பார்க்கும். வளைந்தே வளர்ந்த கிளையைத் தேடித் தருகிறேன், பொறுங்கள்” என்றார். தோணியின் விலாக்களுக்கு மரம் தேடுவோர் காட்டில் இப்படித்தான் தேடுவர்.

வேலையில் பெரியவர் ஒரு முறையைக் கைக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தைப் பிரித்தால் மறு பக்கத்தைத் தொடுவதில்லை. சென்னைத் தொழிற்சாலையில் கற்ற பழக்கம் அது. இடப்பக்கச் சட்டங்களை மட்டும் அவர் கழற்றினார். கதவின் சட்டம், கதவுத் தூண், சக்கர வளைவு ஆகிய அனைத்தும் உளுத்துத் துளைபட்டிருந்தன. எனினும் வடிவம் சிதையவில்லை. அவற்றைக் கட்டாகக் கட்டிக் கொட்டகையின் மூலையில் வைத்தார். அவற்றை வைத்தே புதிய சட்டங்களை ஓடாவி வெட்ட வேண்டும். வெட்டுவதற்குள் மார்கழி முடிந்தது.

போகியன்று விடியற்காலையில் பெரியவர் சிவன் கோயிலுக்குச் சென்றிருந்தார். தெருவெங்கும் சிறுவர்கள் பறை கொட்டி நெருப்பு வளர்த்தனர். பழைய பாய், தேய்ந்த துடைப்பம், கிழிந்த முறம் எல்லாம் தீயில் விழுந்தன. “கொட்டகையில் உளுத்த கட்டை கிடக்கிறதே, வீட்டுக்குள் கறையான் வருமுன் அதையும் போடு” என்று பாட்டி சொன்னாள். பையனும் ஒன்றும் எண்ணாமல் அக்கட்டைத் தூக்கி வந்து போட்டுவிட்டான். உலர்ந்த ஆஷ் மரம் நன்றாக எரிந்தது.

பெரியவர் திரும்பியபோது தீ அடங்கிச் சாம்பல் கிடந்தது. அதில் ஏதோ மின்னக் கண்டு, கோலாற் கிளறினார். பித்தளைத் திருகாணி ஒன்று வந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. வையவில்லை, கை ஓங்கவில்லை. வீட்டுக்குள் சென்று படுத்துக்கொண்டார். பொங்கல் பொங்கிற்று, மாட்டுப் பொங்கல் கழிந்தது. பதினொரு நாள் அவர் கொட்டகைக் கதவைத் திறக்கவே இல்லை. பேரனோடு உணவு வேளையிற் பேசுவார். காரைப் பற்றி மட்டும் பேசமாட்டார். வைதிருந்தால் பையனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்தப் பதினொரு நாளில் பையன் செய்தது ஒன்றே. பள்ளி விட்டு வந்ததும் சாம்பலைச் சல்லடையிற் சலித்தான். திருகாணிகளையும் ஆணிகளையும் கீல் தகடுகளையும் பொறுக்கி, தேங்காய்ச் சிரட்டைகளில் நீளவாரியாகப் பிரித்து வைத்தான். எதற்கு என்று அவனுக்கே தெரியாது. வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாமையாற் செய்தான்.

பன்னிரண்டாம் நாள் ஓடாவி வந்தார். செய்தி கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, கழற்றிச் சாய்த்து வைத்திருந்த இடப்பக்கத் தகட்டை வெயிலில் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். விளிம்பெங்கும் ஆணித் துளைகள் ஒளிப்புள்ளிகளாய்த் தெரிந்தன. “ஆணி இருந்த இடமெல்லாம் மரம் இருந்த இடம் அல்லவா? கோடு கிடைத்துவிட்டது” என்றார். வலப்பக்கம் பிரிக்கப்படாமல் நின்றது. அதன் வளைவுகளைத் தாளில் வரைந்து, தாளைப் புரட்டிப் போட்டால் இடப்பக்கத்து வளைவு வரும். எஞ்சியது சட்டங்களின் கனம். அதற்கு என்ன செய்வது என்று இருவரும் மயங்கி நின்றனர். அப்போது பையன் சிரட்டைகளைக் கொண்டுவந்து வைத்தான். ஒன்றரை அங்குலத் திருகாணி ஒரு சட்டத்தில் இறங்கியிருந்தால் அச்சட்டம் அதனினும் மெல்லியதாய் இருந்திருக்க முடியாது. நீளமும் குட்டையுமாகிய ஆணிகள், எரிந்துபோன மரத்தின் கனத்தைச் சொல்லின. ஓடாவி ஒவ்வொன்றாய் எடுத்துத் தகட்டின் துளையோடு பொருத்திப் பார்த்தார். பெரியவர் கொட்டகைக் கதவை அகலத் திறந்தார்.

வேலை நான்கு மாதம் நடந்தது. இடையில் சென்னையிலிருந்து ஒருவர் காரை விலைக்குக் கேட்டு வந்தார். கருவேலத்தைக் கண்டதும் முகம் சுளித்தார். பிறந்த மரத்தையே போடாவிட்டால் மதிப்புக் குறையும் என்றார். அவர் சொன்னது பொய்யன்று. உலகெங்கும் பழைய கார்களைப் போற்றுவோர் மூல வடிவத்துக்குத் தனி விலை வைக்கின்றனர். ஆயினும், அயல்நாட்டுக் கார்களின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், கையிற் கிடைத்ததைக் கொண்டு அவற்றை ஓட வைத்த நம் நாட்டுத் தொழிலாளர் பல்லாயிரவர். அவர்கள் வைத்த ஒட்டும் அந்தக் கார்களின் வரலாற்றில் ஒரு பகுதியே. வந்தவர் மோர் குடித்துவிட்டுச் சென்றார்.

கடைசியாகக் கார்புரேட்டர்கள். எஸ்.யூ. என்னும் அவ்வகையில் ஒரு சிறு பிஸ்டன் உண்டு. எஞ்சின் காற்றை இழுக்க இழுக்க அது மேலே எழும். அதனோடு இணைந்த கூம்பிய ஊசியும் எழும். ஊசி எழுந்த அளவுக்குப் பெட்ரோல் வரும். இரண்டு கார்புரேட்டர்களும் ஒத்த அளவிற் காற்றை உண்ண வேண்டும். அதை அளக்கப் பெரியவரிடம் ஒரு ரப்பர்க் குழாயே இருந்தது. ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை மாறி மாறி இரண்டு வாய்களிலும் பிடிக்க வேண்டும். ‘உஸ்’ என்னும் ஒலி இரண்டிலும் ஒன்றாகும் வரை திருகைத் திருப்ப வேண்டும். பெரியவரின் செவி மந்தமாகியிருந்தது. குழாயைப் பேரனிடம் கொடுத்தார். “முன்னது உரக்கச் சீறுகிறது, தாத்தா.” கால் திருப்பு. “இன்னும் கொஞ்சம்.” மீண்டும் ஒரு திருப்பு. “இப்போது இரண்டும் ஒன்று.” எஞ்சின் இருமலை விட்டுச் சீராக ஓடத் தொடங்கிற்று.

மாலையில் மூவரும் ஏரிக்கரைக்குப் புறப்பட்டனர். இருக்கை இரண்டே, ஓடாவி பின்புறப் பெட்ரோல் தொட்டியின்மேல் அமர்ந்து வந்தார். நாய்கள் துரத்தின. குப்பத்துச் சிறுவர்கள் வலையை விட்டு ஓடிவந்தனர். வழியெல்லாம் இடப்பக்கக் கதவு ‘கடகட’ என்று ஒலித்துக்கொண்டே இருந்தது. கையாற் செய்த வண்டியில் இரு பக்கமும் முழுதும் ஒத்திருப்பதில்லை. வலப்பக்கத்தைப் புரட்டி வரைந்த கதவு, இடப்பக்கத்து வாயிலுக்கு அரை விரல் குறுகியிருந்தது. அந்த இடைவெளியில் உப்புக் காற்று உள்ளே புகுந்தது. பையன் தன் கையை அதன்மேல் வைத்து மூடிக்கொண்டு வந்தான்.

“ஒரு தேக்கு ரீப்பர் வைத்து இழைத்தால் சரியாகிவிடும், தம்பி” என்றார் ஓடாவி பின்னாலிருந்து.

“நான் இழைக்கிறேன். நீங்கள் பக்கத்திலிருந்து சொல்லுங்கள், மாமா” என்றான் பையன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கதவைக் கழற்றினான். கழற்றுமுன் ஒவ்வொரு திருகாணிக்கும் எண் இட்டான். பழைய மரத்துண்டு ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் எழுதி, கைக்கு எட்டாதபடி கொட்டகையின் பரண்மேல் ஏற்றி வைத்தான்.